காலண்டரில் நிற்கிறவன்

குன்னமேடு
14-8-1972

தம்பி உத்திராபதிக்கு,

அக்கா செங்கமலம் எழுதுகிறேன். நீயும் ஆண்டாயியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் சின்னவன் அரியமுத்துவும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. இருக்கிறோம்.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, தப்பு இருந்தால் கூட்டிப் படித்துக்கொள். போஸ்டாபீஸ் ராசாங்கத்திடம் சொன்னால் அவரே எழுதித் தருவார். ஆனால் அவர் மேலத்தெருக்காரர். நான் ஒரு வரி சொன்னால் அது உனக்கு வந்து சேருவதற்குள் ஊருக்கே வந்து சேர்ந்துவிடும்.

வைகாசியில் நீ வந்தபோது கருப்பண்ணன் போட்டோவை வாங்கிப் போனாய். அரியலூர் ஸ்டுடியோவில் பெரிசாக்கி, கண்ணாடி போட்டுத் தருகிறேன் என்றாய். மூன்று மாதம் ஆகிவிட்டது. மிலிட்டரியில் பயிற்சி முடிந்த அன்று எடுத்து அனுப்பிய அந்த ஒன்றுதான் இருக்கிறது. சண்டையில் செத்தான் என்று தந்தி வந்தது. ஒரு தகரப் பெட்டி வந்தது. பெட்டியில் இரண்டு சட்டை, ஒரு போர்வை. என் பிள்ளை வரவில்லை. எந்த மண்ணில் போட்டார்கள் என்றும் தெரியாது. பார்த்து அழ எனக்கு அந்தப் போட்டோதான் இருக்கிறது தம்பி.

கார்த்திகையில் வருஷம் திரும்புகிறது. அதற்குள் கொண்டு வந்து சேர்த்துவிடு. பெரிசாக்காவிட்டாலும் பரவாயில்லை.

அரியமுத்து சாமிதுரை வீட்டு ஏருக்குத்தான் போகிறான். நான் அதே வீட்டில் மாட்டுக்கொட்டாய் கூட்டுகிறேன். அவனுக்கு இருபது வயசு ஆகிறது, வாய் அடங்கவில்லை. அது ஒன்றுதான் பயம்.

ஆண்டாயிக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டதா என்று எழுது.

அக்கா
செங்கமலம்


அரியலூர்
30-8-1972

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆண்டாயிக்கு வீக்கம் வற்றிவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். நீ வேளைக்குச் சாப்பிட வேண்டும். உன் எழுத்தில் தப்பு ஒன்றும் இல்லை. அச்சாபீஸில் எழுத்துக் கோக்கிறவன் சொல்கிறேன்.

ஸ்டுடியோக்காரர் மாமனார் ஊருக்குப் போயிருக்கிறார். வரட்டும்.

அச்சாபீஸில் காலண்டர் வேலை ஆரம்பமாகிவிட்டது. படம் சிவகாசியில் அச்சாகி, அடியில் வெள்ளையாக இடம் விட்டு வரும். அந்த இடத்தில் கடைக்காரர் பேரை நாங்கள் அடித்து, தேதிக் கட்டைப் பொருத்திக் கொடுப்போம். எப்போதும் முருகன், லட்சுமி, இல்லாவிட்டால் சினிமாக்காரி. சண்டை முடிந்ததிலிருந்து யார் வந்தாலும் நாட்டுப் படம் வேண்டும் என்கிறார்கள். சிவகாசிக்குப் படம் வரைந்து அனுப்பும் அரங்கநாதன் எங்கள் ஆபீஸ் பின்கட்டில்தான் உட்கார்ந்து வரைகிறார். நேற்று முதலாளி எட்டிப் பார்த்து, "ஏம்பா, இந்தம்மா போன வருஷம் தாமரையில உக்காந்திருந்துச்சுல்ல?" என்றார். "அதே அம்மாதாங்க. தாமரையை எடுத்துட்டுச் சிங்கத்தைக் குடுத்தேன். கையில கொடியைக் குடுத்தேன். நாடாயிடுச்சு" என்றார் அரங்கநாதன். எல்லாரும் சிரித்தோம்.

அம்மா படம் முடிந்துவிட்டது. பின்னால் இந்தியா வரைபடம், மேலே மலை, கீழே கடல். காலடியில் துப்பாக்கியோடு ஒரு ஜவான் நிற்க வேண்டும். உடம்பு வரைந்தாகிவிட்டது. முகம் மட்டும் வெள்ளையாக விட்டிருக்கிறார். நல்ல முகம் ஒன்று அகப்படவில்லையாம். நான் தினமும் மத்தியானம் போய் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

அரியமுத்துவை அடக்கமாக இருக்கச் சொல்.

தம்பி
உத்திராபதி


குன்னமேடு
6-10-1972

தம்பிக்கு,

நீங்கள் எல்லாரும் நல்லபடி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மழை இல்லை. சோளம் கருகுகிறது. எனக்கு மூட்டு வலி, வேறு ஒன்றும் இல்லை.

நான் போட்டோவைக் கேட்டேன். நீ சிங்கத்தைப் பற்றி எழுதியிருந்தாய். ஸ்டுடியோக்காரர் ஊருக்குப் போனால் கடையைத் தலையிலா தூக்கிக்கொண்டு போனார்? பஸ் ஏறி நானே வரட்டுமா?

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். அவன் முகம் எனக்கு மறக்கிறது. ஏர்க்கால் பட்டு அவனுக்குப் புருவத்தில் வெட்டு விழுந்ததே, அது இடதா வலதா என்று நாலு நாளாக யோசிக்கிறேன். அரியமுத்துவைக் கேட்கலாம். பெற்றவள் போய் இதைக் கேட்பதா என்று கேட்கவில்லை. சாணி அள்ளும்போது கண்ணை மூடிப் பார்க்கிறேன். தொப்பி வருகிறது, சட்டை வருகிறது, முகம் வர மாட்டேன் என்கிறது.

சாமிதுரை சம்சாரம் கலியம்மாள் நேற்று, "என்னடி நின்னுக்கிட்டே தூங்கறே?" என்றாள். "இல்லீங்கம்மா, கண்ணுல தூசி" என்றேன்.

உடனே அனுப்பு தம்பி.

செங்கமலம்


அரியலூர்
3-12-1972

அக்காவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. வேலை மூச்சுவிட விடவில்லை. உன் மூட்டு வலிக்கு நொச்சி இலை வதக்கிக் கட்டச் சொன்னாள் ஆண்டாயி.

இந்த வருஷத் திதிக்கு விளக்கு ஒன்று ஏற்றிப் படைத்துவிடு அக்கா. போட்டோ பத்திரமாக இருக்கிறது. தை பிறக்கட்டும், நீ அவனை நல்லபடியாகப் பார்ப்பாய். எப்படி என்று இப்போது கேட்காதே.

வெட்டு இடது புருவத்தில்.

உங்கள் சாமிதுரை இங்கே வந்தார். பெரம்பலூரில் இருக்கும் உரக்கடைக்குக் காலண்டர் ஆர்டர் கொடுத்தார். மாதிரி ஆல்பத்தை நான்தான் பிரித்துக் காட்டினேன். பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது, என்னைத் தெரியவில்லை. முகத்தில் மை வேறு. "நீங்க உக்காருங்க, நான் திருப்பறேன்" என்று ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினேன். முருகனைக் கொஞ்சம் சீக்கிரம் திருப்பிவிட்டேன். பாரத மாதா வந்ததும் விரலை வைத்தார். "இது. இந்தப் பையன் மொகத்துல என்ன ஒரு களை பாரு" என்றார். அவர் பேரைப் பெரிய எழுத்தில் நானே கோத்தேன். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உத்திராபதி


குன்னமேடு
9-1-1973

தம்பிக்கு,

என்ன காரியம் செய்துவிட்டாய். முதலில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்க வேண்டும், கேட்டதாக வைத்துக்கொள்.

இங்கிலீஷ் வருஷப் பிறப்பு அன்று காலையில் கொட்டாய் கூட்டிக்கொண்டிருந்தேன். சாமிதுரை வீட்டுப் பின்கதவு திறந்திருந்தால் முற்றம் தாண்டிக் கூடத்துச் சுவர் தெரியும். முற்றத்துக்கு நாம் போகக் கூடாது, பார்க்கலாம். கலியம்மாள் முக்காலி மேல் ஏறி ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். காலண்டரை மாட்டி இறங்கினாள். பார்த்தேன்.

வெள்ளையாக இருந்தான். நம்மில் யாருக்கும் அப்படி ஒரு நிறம் இல்லை. கன்னத்தில் சிவப்பு, உதட்டில் சிவப்பு. மீசை முறுக்கு. யாரோ ராஜா வீட்டுப் பிள்ளை என்று நினைத்து, கூடையைத் தூக்கித் திரும்பிவிட்டேன். நாலு எட்டு வைத்தவள் நின்றேன். திரும்பி வந்து பார்த்தேன். இடது புருவத்தில் வெட்டு. கண் அவன் கண். அவன் அப்பா திட்டும்போது ஒரு பக்கமாக உதட்டை வைத்துக்கொள்வானே, அந்த உதடு.

சாணியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கலியம்மாள் குங்குமம் எடுத்து வந்து அந்த அம்மா நெற்றியில் வைத்தாள். விரலில் இருந்த மீதியை என் பிள்ளை நெற்றியில் வைத்தாள். கற்பூரம் காட்டினாள். நான் வாசல்படிக்கு வெளியே நின்று, "யாருங்கம்மா அது?" என்றேன்.

"பாரத மாதாடி. ஒனக்கு என்ன தெரியும்."

"கீழ நிக்கிறவருங்க?"

"மிலிட்டரிக்காரன். நம்ம நாட்டுக்காக உசிரைக் குடுத்தவன். கும்புட்டுக்க."

கும்பிட்டேன்.

கருப்பண்ணன் அந்த வீட்டு மாட்டை எட்டு வருஷம் மேய்த்தான். ஒரு நாள் மழைக்கு முற்றத்து ஓரம் ஒதுங்கினான் என்று தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். இப்போது கூடத்தில் நிற்கிறான். மேலத்தெருவில் எல்லா வீட்டிலும் நிற்கிறான். சாமிதுரைதான் வீட்டுக்கு வீடு கொடுத்திருக்கிறார். நம் காலனிக்கு மட்டும் கொடுக்கவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை, அரியமுத்துவிடமும். தினம் காலையில் கதவு திறக்கும் நேரம் பார்த்துப் போகிறேன். சந்தோஷமா என்று கேட்டால் தெரியவில்லை. அந்தம்மா காலடியில் நிறுத்திவிட்டாயே, அந்தம்மாவுக்கு நாம் யார் என்று தெரியுமா தம்பி?

செங்கமலம்


அரியலூர்
20-1-1973

அன்புள்ள அக்கா,

பொங்கல் நல்லபடி ஆயிற்றா? இங்கே ஆயிற்று. எல்லாரும் நலம்.

இனி மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. போட்டோவை ஸ்டுடியோவுக்கு நான் கொண்டு போகவே இல்லை. பையில் வைத்திருந்தேன். ஒரு நாள் அரங்கநாதனிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "யாருய்யா?" என்றார். "அக்கா மவன். சண்டையில போயிட்டான்" என்றேன். "நிறத்தை நான் மாத்திக்கிறேன். கருப்பா போட்டா வாங்க மாட்டாங்க" என்றார். "என்ன நிறமோ அடிச்சிக்குங்க. அந்தப் புருவத்து வெட்டை மட்டும் எடுத்துடாதீங்க, அவங்கம்மா தேடும்" என்றேன். அதை மட்டும் விட்டுவைத்தார்.

பார்த்து வரைய வேண்டி, போட்டோ மேல் முழுக்கப் பென்சிலால் கட்டம் போட்டுவிட்டார். முகத்தில் மட்டும் முப்பத்தாறு கட்டம். ரப்பர் வைத்தால் போட்டோ உரிகிறது. அதனால்தான் அனுப்பவில்லை. மன்னித்துக்கொள்.

யோசித்துப் பார் அக்கா. செத்துப் போனவனை நாம் என்ன செய்ய முடியும்? இன்றைக்குப் பெரம்பலூர், அரியலூர், செட்டிகுளம், எங்கே போனாலும் கடையில் நிற்கிறான். அவன் முகத்தைப் பார்த்து நாடு என்கிறார்கள். உயிரோடு இருந்தபோது ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாதவன்.

யாரிடமும் சொல்லாதே. சொல்லாத வரைக்கும் ஒன்றும் இல்லை.

உத்திராபதி


குன்னமேடு
18-2-1973

தம்பிக்கு,

அங்கே எல்லாரும் நலமாக இருங்கள். இங்கே நலம் இல்லை.

நான் சொல்லவில்லை. ஆனால் அரியமுத்துவுக்குக் கண் இருக்கிறது. போன வாரம் உர மூட்டை ஏற்ற வண்டியோடு பெரம்பலூர் போனவன், டீக்கடையில் காலண்டரைப் பார்த்திருக்கிறான். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "டேய், எங்கண்ணன்டா!" என்று கத்தியிருக்கிறான். கடையில் இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். இவன் விடவில்லை. எந்த ஊர், எந்தத் தெரு, புருவத்தில் எப்படி வெட்டு விழுந்தது, எல்லாம் சொல்லிவிட்டான். பக்கத்து ஊர் மிராசு ஒருத்தர் அங்கே இருந்தாராம். அவர் நேரே சாமிதுரை கடைக்குப் போய், "என்ன சாமிதுரை, காலனிக்காரனுக்கு ஊரையே கற்பூரம் காட்ட வச்சிட்டியே, ஒம் பேரை வேற கீழ போட்டு" என்றாராம். கடையில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்களாம்.

மறுநாள் கொட்டாய்க்குப் போனேன். கூடத்துச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. கலியம்மாள் கூடத்தைச் சாணி போட்டு மெழுகிக்கொண்டிருந்தாள். அந்தச் சாணியை முந்தின நாள் நான்தான் அள்ளி வைத்தேன்.

என்னைப் பார்த்து எழுந்தாள். "எத்தனை நாளா தெரியும்டி ஒனக்கு?"

"எதுங்கம்மா?"

"தெனமும் வந்து நின்னு கும்புட்டியே. என் கையால அவனுக்குப் பொட்டு வைக்கிறதைப் பாத்துக்கிட்டு நின்னியே."

அவள் அழுதாள் தம்பி. கோபத்தில் அழுதாள்.

சாமிதுரை சத்தமே போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வெற்றிலை மடித்துக்கொண்டே, "ஒன் தம்பி எங்க இருக்கான் இப்ப?" என்றார். "அரியலூருங்க." "என்ன வேலை?" நான் குனிந்து கூடையை எடுத்தேன். "அச்சாபீஸ்ல ஒருத்தன் பக்கம் பக்கமா திருப்பிக் காட்டினான். எங்கயோ பாத்த மூஞ்சின்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "சின்னவன் தெனமும் வேலைக்கு வர்றானா?" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் யார் என்னைப் பார்த்தாலும் இதே கேள்விதான். உன் மகன் எங்கே, எத்தனை மணிக்கு வருவான், எந்த வழியாகப் போவான்.

உன்னை ஒன்று கேட்கிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் செருப்புப் போட்டு மேலத்தெருவில் நடந்தாய் என்று, அந்தச் செருப்பை உன் தலையில் வைத்து நடக்கவிட்டார் இதே சாமிதுரை. மறுநாள்தான் நீ அரியலூருக்கு ஓடினாய். இப்போது ஆல்பத்தை நீ திருப்பினாய். முருகனைச் சீக்கிரம் திருப்பினேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். என் பிள்ளை எல்லார் வீட்டிலும் இருக்கட்டும் என்று செய்தாயா, அவர் வீட்டில் இருக்கட்டும் என்று செய்தாயா? என் பிள்ளைக்காகவா, உன் செருப்புக்காகவா?

பதில் எழுது.

செங்கமலம்


அரியலூர்
27-2-1973

அக்காவுக்கு,

எல்லாரும் நலம். உங்கள் நலத்துக்கு மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

அவசரமாக எழுதுகிறேன். சாமிதுரை ஆட்கள் இரண்டு பேர் இங்கே வந்தார்கள். முதலாளியோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். அரங்கநாதன் பெட்டியைக் கட்டிக்கொண்டு சிவகாசிக்குப் போய்விட்டார். என்னைப் பத்து நாள் வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் முதலாளி.

உன்னைக் கேட்டால், அது என் மகன் இல்லை என்று சொல்லிவிடு. உடுப்புப் போட்டால் எல்லா ஜவானும் ஒன்று போலத்தான். ஏதோ பேப்பரில் வந்த படத்தைப் பார்த்து வரைந்தது என்று சொல். நானும் அப்படித்தான் சொன்னேன். அரியமுத்துவை இங்கே அனுப்பிவிடு. சுண்ணாம்புக்கல் லாரியில் வேலை சொல்லி வைத்திருக்கிறேன்.

மற்றது நேரில்.

உத்திராபதி


பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு
12-3-1973, திங்கள்

தம்பிக்கு,

மற்றது நேரில் என்று எழுதினாய். நான் கேட்டது ஒன்றுதான், அதற்கு நேரில் எதற்கு. இருக்கட்டும். ஆண்டாயியும் பிள்ளைகளும் சுகமாக இருக்கட்டும்.

அரியமுத்துவை இன்றைக்குக் காலை ஒன்பது மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். இங்கேயே உட்கார்ந்து இதை எழுதி, இங்கேயே தபாலில் போடுகிறேன். ராசாங்கம் கையில் கொடுக்கப் பயமாக இருக்கிறது. காலனிக்கு வரும் கடிதத்தையும் அவர் இப்போது கூப்பிட்டுத் தருவதில்லை. நாமாகப் போய் நின்றால்தான் தருகிறார்.

நேற்று மாரியம்மன் கோயில் எதிரே ஊர் கூடியது. நாங்கள் எப்போதும் போல எட்டி நின்றோம். காலண்டரை வேப்பமரத்தில் மாட்டியிருந்தார்கள். சாமிதுரை கூப்பிட்டார். "கிட்ட வா செங்கமலம். நல்லாப் பாரு. யாரு இது?"

அவ்வளவு கிட்டத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். நெற்றியில் கலியம்மாள் வைத்த குங்குமம் கலைந்து மூக்கு வரைக்கும் வழிந்திருந்தது.

"எம் மவன் இல்லீங்க" என்றேன்.

"ஊருக்குக் கேக்கற மாதிரி சொல்லு."

"இது எம் மவன் இல்லீங்க. எம் மவன் கருப்பு. இவரு செவப்பா, லட்சணமா இருக்காரு. எம் மவன் இப்படி இல்லீங்க ஆண்டே."

பெண்கள் பக்கம் யாரோ மூச்சை விட்ட சத்தம் கேட்டது. எல்லாருக்கும் அதுதான் வேண்டியிருந்தது போல. சாமிதுரைகூடத் துண்டை உதறித் தோளில் போட்டார், எழுந்திருக்கப் போனார். அதோடு முடிந்திருக்கும். சத்தியமாக முடிந்திருக்கும்.

அரியமுத்து எனக்குப் பின்னால் நின்றவன் முன்னால் வந்துவிட்டான். "எங்கம்மா இல்லைன்னுடுச்சு. சரிங்க. அப்ப யாரு வூட்டுப் புள்ளைன்னு நீங்க சொல்லுங்க. மேலத்தெருவுல இருந்து எத்தனை பேரு மிலிட்டரிக்குப் போனீங்க? கையைத் தூக்குங்க, எண்ணிக்கிறேன்" என்றான்.

யாரும் கையைத் தூக்கவில்லை. நம் ஆட்களில் ஒருத்தன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு இல்லாமல் போயிருக்கக் கூடாதா. சாமிதுரை அரியமுத்துவை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். "பையனுக்கு அண்ணன் சாடை இருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அரியமுத்து என்னோடு பேசவில்லை. நேற்றிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. பஸ்ஸில் அந்தப் பக்கம் ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு திரும்பியே பார்க்கவில்லை. புளிச்சோறு கட்டிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டான். அது போதும் எனக்கு.

ஒன்று சொல்ல வேண்டும். பஸ் கிளம்பும்போது உரக்கடை ஆள் ஒருத்தன் பக்கத்தில் நின்றான். "சின்னவன் எங்க போறான்?" என்றான். பழக்கத்தில், "மாமன் வூட்டுக்கு, அரியலூருக்கு" என்றுவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ? மத்தியானத்துக்குள் உன்னிடம் வந்துவிடுவான். இனி அவன் உன் பொறுப்பு.

செங்கமலம்


அரியலூர்
19-3-1973

அக்கா,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. நீ எப்படி இருக்கிறாய்? உடம்பு ஒன்றும் இல்லையே?

அரியமுத்து இங்கே வரவில்லை. உன் கடிதம் வந்த பிறகுதான் அவன் கிளம்பியதே எனக்குத் தெரியும். அன்றிலிருந்து தினமும் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். நேற்று அந்த ஒன்பது மணி பஸ் கண்டக்டர் கிடைத்தார். அவருக்கு நினைவு இருக்கிறது. பாதி வழியில் டீக்கடை ஸ்டாப்பில் ஒரு ஜீப் பஸ்ஸுக்கு முன்னால் வந்து நின்றதாம். நாலு பேர். "ஒங்க அம்மா மயங்கி விழுந்துட்டா, ஒன்னையே கேக்கறா, எறங்குப்பா" என்றார்களாம். சோற்று மூட்டையைக்கூட எடுக்காமல் குதித்து இறங்கினானாம். அந்த மூட்டையை டிப்போவில் வாங்கினேன்.

நீ விழுந்தாயா அக்கா? அவன் உன்னிடம் வந்தானா? வந்திருந்தால் ஒரு வரி போடு.

போலீஸ் ஸ்டேஷனில் சொன்னேன். ஏதாவது பெண்ணோடு போயிருப்பான், ஒரு மாதம் பார் என்றார்கள். தந்தி கொடுத்தால் ராசாங்கம் கைக்குத்தான் வரும். இதுவும் அவர் வழியாகத்தான் வர வேண்டும், அதனால் கவரில் ஒட்டி அனுப்புகிறேன். ஊருக்குள் கால் வைத்தால் என்னை விட மாட்டோம் என்று சாமிதுரை ஆட்கள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நாளை அந்த டீக்கடைக்குப் போகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். செருப்புக்காகத்தான் அக்கா. பாதி அதற்காகத்தான்.

உத்திராபதி


குன்னமேடு
30-3-1973

தம்பிக்கு,

நீயும் ஆண்டாயியும் பிள்ளைகளும் அரியமுத்துவும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நான் சுகம். இந்தத் தடவை நிஜமாகவே எழுதுகிறேன், சுகம்.

அவனை அனுப்பிய பிறகு உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. ராசாங்கத்திடம் மூன்று தரம் போய் நின்றேன். ஒன்றும் வரவில்லை என்றார். புது வேலை, நேரம் இருக்காது. இதையும் பெரம்பலூருக்குப் போகிறவளிடம்தான் கொடுத்து அனுப்புகிறேன்.

ஊர் அடங்கிவிட்டது தம்பி. நீ பயப்பட வேண்டாம். போன செவ்வாய்க்கிழமை கலியம்மாளே ஆள் விட்டு என்னைக் கொட்டாய் வேலைக்குக் கூப்பிட்டாள். காலண்டரைத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். பாரத மாதாவைக் கீழே போடக் கூடாதாம். குங்குமத்தை அம்மாவுக்கு மட்டும் வைக்கிறாள். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. இல்லை என்று சொன்னவளுக்குப் பார்க்க என்ன இருக்கிறது.

கலியம்மாள் எனக்கு ஒரு சேலை கொடுத்தாள். நல்ல சேலை, கிழிசல் இல்லை. கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, மாட்டைப் பார்த்துக்கொண்டே நீட்டினாள். "வச்சிக்க செங்கமலம்" என்றாள். அவள் என்னை 'அடி', 'டி' போடாமல் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. சாமிதுரையும் என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். வெட்கமாக இருக்கும் போல.

எனக்கு ஒன்றுதான் ஆச்சரியம். முன்னால் ஒரு நாளைக்குப் பத்து தரம் உன் மகன் எங்கே, உன் மகன் எங்கே என்று கேட்டார்கள். இப்போது அந்த வீட்டில் ஒருத்தர்கூட அரியமுத்துவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. மறந்துவிட்டார்கள். நல்லது.

இனி எழுதுவதை அவனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்.

அரியமுத்து, மாமா சொல்வதைக் கேட்டு நட. லாரியில் ஏறி இறங்கும்போது பார்த்து இறங்கு. அன்றைக்கு ஊர் முன்னால் நான் சொன்னது உனக்கு ஆறவில்லை என்று தெரியும். செத்தவனை இல்லை என்றால் இருக்கிறவனை விட்டுவிடுவார்கள் என்று நினைத்துத்தான் சொன்னேன். உன் அண்ணன் கேட்டிருந்தால் அவனே சொல்லச் சொல்லியிருப்பான். கோபம் தணிந்ததும் ஒரு வரி போடு. அதுவரைக்கும், நீ எழுதாமல் இருப்பது கோபத்தால்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா
செங்கமலம்